புதுச்சேரி வீதிகளில் உணவு வண்டிகள் எங்கே நிற்கலாம்?

புதுச்சேரி நகரத்துக் கடற்கரைச் சாலையில் பல ஆண்டுகளாக ஓர் ஏற்பாடு நடைமுறையில் இருந்து வருகிறது. மாலை 6 மணி ஆனதும் சாலையின் முனைகளில் தடுப்புகள் வைக்கப்படுகின்றன. மறுநாள் காலை 7-30 மணி வரையில் மோட்டார் வாகனங்கள் உள்ளே வரலாகாது. காந்தியடிகளின் சிலையையும் பழைய கலங்கரை விளக்கத்தையும் ஒட்டிச் செல்லும் அந்தச் சாலை முழுவதும் நடந்து செல்வோருக்கே உரியதாகிவிடுகிறது. கடற்காற்றை நாடி வரும் குடும்பங்களுக்கு இது பெரும் வசதி என்பதில் ஐயமில்லை.

ஆனால் மோட்டார் வண்டியிலேயே அடுப்பையும் மேடையையும் அமைத்துத் தோசையும் பரோட்டாவும் விற்கும் ஒருவருடைய நிலையிலிருந்து இதனைப் பாருங்கள். வாங்குவோர் கூடும் நேரமும் வண்டிக்குத் தடை ஏற்படும் நேரமும் ஒன்றாகவே இருக்கின்றன. கூடையில் வேர்க்கடலை கொண்டுவரும் பெண்ணை மோட்டார் வண்டித் தடை தொடுவதில்லை. உணவு வண்டிக்காரரோ குறுக்குத் தெருவில் நிற்க வேண்டும். அங்கே வீட்டு வாயில் மறைகிறதென்று ஒருவர் சொல்வார், புகை வருகிறதென்று மற்றொருவர் சொல்வார். ஓர் உணவு வண்டி நிற்கும் இடத்தைப் பெரும்பாலும் உணவைப் பற்றிய விதி தீர்மானிப்பதில்லை. வாகனம், நடைபாதை, சாக்கடை, சந்தை ஆகியவற்றைப் பற்றிய விதிகளே தீர்மானிக்கின்றன. இவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும் பொறுப்பு யாருக்கு என்பதே நாம் இங்கே விளக்க விரும்பும் விஷயம்.

நகரத்து வீதியில் எந்த வண்டி எங்கே நின்றால் நமக்கென்ன என்று பஞ்சாயத்து அங்கத்தினர் எவரேனும் கேட்கக்கூடும். இளநீர், நுங்கு, வெள்ளரிப் பிஞ்சு, மக்காச்சோளம், கேழ்வரகுக் கூழ் என்று வண்டிகளில் விற்பனையாகும் பொருள்களில் பல கிராமத்தில் விளைந்தவை. வண்டியைத் தள்ளிச் செல்வோரில் பலரும் கிராமத்தாரே. மேலும் புதுச்சேரிப் பகுதியின் படத்தைப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். அது ஒரே துண்டாக அமைந்த நிலப்பரப்பு அன்று. தமிழ்நாட்டுக் கிராமங்களும் புதுச்சேரிக் கிராமங்களும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. வடக்கே கோட்டக்குப்பம் தமிழ்நாட்டைச் சேர்ந்தது. நகரத்திலிருந்து அதற்குள் நுழைய ஒரு தெருவைக் கடந்தால் போதும். ஒரு வண்டியை நகரத்தில் நிற்க வேண்டாமென்று சொன்னால், கால் மணி நேரத்தில் அது வேறோர் அரசாங்கத்தின் எல்லையில், வேறோர் ஊரின் பொறுப்பில் நிற்கும். ஆகவே நகரத்தின் விதி கிராமத்தின் கவலையும் ஆகும்.

பழைய நகரம், பழைய வீதிகள்

புதுச்சேரியின் ஸ்தல நிர்வாகத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. பிரெஞ்சு ஆட்சியில் 1880-ஆம் ஆண்டின் ஆணையொன்றினால் இங்கே கொம்யூன்கள் என்ற நகராட்சி அமைப்புகள் ஏற்பட்டன. அவற்றின் தலைவருக்கு மேயர் என்று பெயர். 1954-ஆம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி ஆட்சி இந்திய அரசாங்கத்தின் கைக்கு வந்தது. 1962-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ந் தேதி சட்டப்படியும் அந்த மாற்றம் நிறைவு பெற்றது. அதன்பின் 1973-இல் நகராட்சிகளுக்கு ஒரு சட்டமும், கிராமங்களுக்கும் கொம்யூன்களுக்கும் ஒரு சட்டமும் இயற்றப்பட்டன. இன்றும் பாகூர், வில்லியனூர், அரியாங்குப்பம், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு ஆகியவை கொம்யூன் பஞ்சாயத்துக்கள் என்றே வழங்கி வருகின்றன. பிரெஞ்சுச் சொல் ஒன்று தமிழ்க் கிராமத்து அலுவலகப் பலகையில் நிலைத்துவிட்டது.

நகரத்தின் அமைப்பும் அக்காலத்ததே. பெரிய வாய்க்கால் நகரத்தை இரண்டாகப் பிரிக்கிறது. அதன் இருபுறமும் தெருக்கள் கயிறு பிடித்தாற்போல் நேராகவும் குறுக்காகவும் செல்கின்றன. ஆள் தள்ளும் புஷ்புஷ் வண்டிக்கும் மாட்டு வண்டிக்கும் போதிய அகலம் வைத்து வகுத்த தெருக்கள் அவை. இன்று அவற்றில் மோட்டார்களும், அவற்றின் ஓரத்தில் நிறுத்திய மோட்டார்களும், வெளியூர்ப் பயணிகளும், கடைகளும் இடம் தேடுகின்றன. இத்தனைக்கும் நடுவில் ஒரு தள்ளுவண்டி கேட்பது 6 அடி நீளம், 4 அடி அகலம்; ஓர் உணவு மோட்டார் கேட்பதோ அதைப்போல் மூன்று நான்கு மடங்கு.

சட்டம் சொல்வது

வீதியில் நின்று விற்பது உரிமையா, குற்றமா என்ற கேள்வி நமது நாட்டில் நெடுநாள் இருந்தது. 1989-இல் சோதன் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு அதற்கு விடை கூறிற்று. தெருவோரத்தில் வியாபாரம் செய்வதும் அரசியலமைப்பு வழங்கும் தொழில் உரிமையில் அடங்கும்; ஆனால் அது நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது; இந்த இடந்தான் வேண்டுமென்று கேட்கும் உரிமை எவருக்கும் இல்லை என்பதே அத்தீர்ப்பின் சாரம். 2010-இல் கெயிந்தா ராம் வழக்கில் இதற்கென ஒரு சட்டம் இயற்றுமாறு அதே கோர்ட்டு அரசாங்கத்தைப் பணித்தது. அதன் பின்னரே தெரு வியாபாரிகளின் வாழ்வாதாரப் பாதுகாப்பும் தெரு விற்பனை ஒழுங்குமுறையும் பற்றிய 2014-ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டு மே 1-ந் தேதி அது அமுலுக்கு வந்தது. புதுச்சேரி, உழவர்கரை நகராட்சிகளுக்கும் தமிழ்நாட்டு நகரங்களுக்கும் அது பொருந்தும்.

இச்சட்டத்தின் உயிர்நிலை அதன் வரிசை முறையில் இருக்கிறது. முதலில் கணக்கெடுப்பு, பிறகு சான்றிதழ், அதன் பிறகே இடம் ஒதுக்குதல் அல்லது மாற்றுதல். கணக்கெடுப்பு முடிந்து, அதில் கண்ட எல்லோருக்கும் விற்பனைச் சான்றிதழ் வழங்கும் வரையில் எந்தத் தெரு வியாபாரியையும் வெளியேற்றவோ இடம் மாற்றவோ கூடாது என்று சட்டம் திட்டமாகச் சொல்கிறது. ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறையேனும் கணக்கெடுப்பு நடைபெற வேண்டும். முதலில் விரட்டிவிட்டுப் பிறகு யோசிக்கும் பழைய வழக்கத்துக்கு இது நேர் மாறானது.

இதைச் செய்ய வேண்டியது நகர விற்பனைக் கமிட்டி. நகராட்சி ஆணையர் அல்லது நிர்வாக அதிகாரி அதன் தலைவர். அங்கத்தினரில் நூற்றுக்கு 40 பேருக்குக் குறையாமல் தெரு வியாபாரிகளே இருக்க வேண்டும். அவர்களும் நியமனத்தால் அன்றித் தங்களுக்குள் தேர்தலால் வர வேண்டும். அந்த வியாபாரிப் பிரதிநிதிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். போலீஸ், போக்குவரத்து, நகரமைப்பு, சுகாதாரம் முதலிய இலாகாக்களும், குடியிருப்போர் சங்கங்களும், வர்த்தகர் சங்கங்களும் அதே மேசையைச் சுற்றி உட்காருகின்றன. கடற்கரைச் சாலையில் 6 மணித் தடுப்பைப் போடுகிறவரும், குறுக்குத் தெருவில் புகையைக் குறித்து முறையிடுகிறவரும், வண்டிக்காரரும் ஒரே இடத்தில் சந்திக்கச் சட்டம் செய்துள்ள ஏற்பாடு இது ஒன்றுதான். நமது அபிப்பிராயத்தில் சட்டத்தின் மற்றெல்லாப் பிரிவுகளையும்விட இதுவே பெரிது. கமிட்டி கூடாத ஊரில் சட்டம் அலமாரியில் இருக்கும் காகிதமாகிவிடும்.

வீதிகளை மூன்று வகையாகப் பிரிக்கும்படி சட்டம் கூறுகிறது: தடையின்றி விற்கத் தக்க பகுதி, நேரத்துக்கோ பொருளுக்கோ கட்டுப்பாடு வைத்து விற்கத் தக்க பகுதி, அறவே விற்கக் கூடாத பகுதி. இவற்றைப் பிரிப்பதற்கும் விதிகள் உள்ளன. கூட்டம் அதிகம் என்ற ஒரே காரணத்தைக் காட்டி ஓரிடத்தை விற்பனை கூடாத பகுதியாக அறிவிக்க முடியாது. வாங்குவோரும் விற்போரும் வழிவழியாகக் கூடிவரும் இடத்தை இயற்கைச் சந்தை என்று சட்டம் அழைக்கிறது. கமிட்டியின் சிபாரிசின் மேல் நகராட்சி அதனை அவ்வாறு தீர்மானிக்கலாம். கணக்கெடுப்பில் கண்ட இயற்கைச் சந்தையை விற்பனை கூடாத பகுதியாக்குவதற்கு இடமில்லை. 50 ஆண்டுகளுக்கு மேல் வியாபாரம் நடந்துவரும் இயற்கைச் சந்தையைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க வேண்டும் என்றும், அங்குள்ளோரை இடம் மாற்றலாகாது என்றும் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை கூறுகிறது.

புதுச்சேரியை அறிந்தவர்களுக்கு இதைப் படித்ததும் காந்தி வீதியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை நினைவுக்கு வரும். வாரத்தில் ஆறு நாள் கடைக்காரர்களுக்கும் வாகனங்களுக்கும் உரியதாக இருக்கும் வீதி, ஏழாம் நாள் துணிமணி, பாத்திரம், பழைய புத்தகம், தின்பண்டம் விற்போருக்கு உரியதாகிவிடுகிறது. இடம் ஒன்றே, நாள் வேறு. இத்தகைய பங்கீட்டையும் 2014-ஆம் ஆண்டுச் சட்டம் அறியும். நேரம் வகுத்துக்கொண்டு ஓரிடத்தைப் பயன்படுத்துவோர் தம் நேரம் முடிந்ததும் பொருள்களையும் குப்பையையும் நாள்தோறும் அகற்றிவிட வேண்டும் என்பது அதன் நிபந்தனை. வீதி அகலமில்லாத ஊருக்கு இதைவிடச் சிறந்த உபாயம் நமக்குத் தோன்றவில்லை.

எத்தனை பேருக்கு இடம் தருவது? வார்டு அல்லது நகரத்தின் மக்கள்தொகையில் நூற்றுக்கு 2½ என்ற அளவுக்கு உட்பட்டு, கணக்கில் வந்த வியாபாரிகளுக்கு இடமளிக்க வேண்டும். புதுச்சேரி நகராட்சி எல்லைக்குள் 2011-ஆம் ஆண்டுக் கணக்குப்படி ஏறத்தாழ 2 லட்சத்து 44 ஆயிரம் மக்கள். அந்த மக்கள்தொகையை வைத்துப் பார்த்தால் உச்சவரம்பு சுமார் 6,100 பேர். இது சிறிய எண்ணிக்கை அன்று. இடமே இல்லை என்று சொல்லிவிடுவதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நலம்.

தள்ளுவண்டியும் மோட்டார் வண்டியும்

இனி உணவு மோட்டாருக்கு வருவோம். அதன் பெயர் இச்சட்டத்தில் எங்கும் காணப்படவில்லை. தற்காலிக அமைப்பிலிருந்தோ, இடம் விட்டு இடம் சென்றோ பொதுமக்களுக்கு அன்றாடப் பொருள்களையும் உணவையும் விற்பவர் தெரு வியாபாரி என்பது சட்டத்தின் விளக்கம். ஓரிடத்தில் நிற்போர், நடமாடுவோர் என்று வகைகளும் உண்டு. இந்த விளக்கத்தின்படி நான்கு சக்கர வண்டியில் இட்டிலி விற்பவரும் அடங்கக்கூடும். ஆனால் சான்றிதழுக்கு உரிய நிபந்தனைகளைப் பார்த்தால் சட்டத்தின் நோக்கம் விளங்கும். வியாபாரத்தைத் தாமேயோ தம் குடும்பத்தார் மூலமாகவோ நடத்த வேண்டும். வேறு ஜீவனோபாயம் இருத்தல் கூடாது. சான்றிதழைப் பிறருக்கு மாற்றவோ வாடகைக்கு விடவோ கூடாது.

ஆகவே வண்டியின் சக்கரத்தையும் அதன் விலையையும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது தவறு. வண்டிக்குப் பின்னால் இருப்பவர் யார் என்று பார்க்க வேண்டும். கடன் வாங்கிப் பழைய வேன் ஒன்றை வாங்கி, கணவன் சமைக்க மனைவி பரிமாறும் குடும்பத்துக்கு இச்சட்டத்தின் நிழல் கிடைக்க வேண்டியது நியாயம். ஊரில் இரண்டு ஓட்டல் வைத்திருப்பவர் மூன்றாவதாகக் கூலியாள் வைத்து ஓட்டும் வண்டி அந்த நிழலுக்கு உரியதன்று. அவர் நகராட்சியிடம் வாடகையோ உரிமமோ பெற்று முறையாக இடம் கேட்கட்டும். இந்த வேறுபாட்டைக் கவனிக்காவிட்டால் நடப்பது என்ன? புதிய வண்டிகளின் பளபளப்பான விளக்குகள் வந்து சேரும். 20 ஆண்டுகளாக அதே முனையில் கூழ் விற்ற மூதாட்டி அடுத்த தெருவுக்குத் தள்ளப்படுவார். இரண்டு வண்டிக்கும் ஒரே சட்டம் என்று சொல்லிக்கொண்டே எளியவரை இழக்கச் செய்வது எளிது.

சான்றிதழ் பெற்றிருந்தாலும் மோட்டார் வண்டி மோட்டார் வண்டியே. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் அதற்கும் உண்டு. வேனின் பக்கத்தை வெட்டிச் சாளரம் அமைப்பதும், உள்ளே அடுப்பு பொருத்துவதும் வண்டியின் பதிவு விவரங்களை மாற்றும் வேலைகள். பதிவு அதிகாரியின் அனுமதியின்றிச் செய்யலாகாது. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்சுக் கம்பெனி முதலில் கேட்கும் கேள்வி அதுவாக இருக்கும். வாகனங்கள் எந்த இடத்தில் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பதை ஸ்தல ஸ்தாபனத்தைக் கலந்துகொண்டு மாநில அரசாங்கமோ அதன் அதிகாரம் பெற்றவரோ தீர்மானிக்க அச்சட்டத்தில் வழியிருக்கிறது. சாலை வளைவு, பாதசாரிகள் கடக்குமிடம், பஸ் நிறுத்தம், பள்ளிக்கூடம் அல்லது ஆஸ்பத்திரி வாயில், தீயணைப்புக் குழாய் ஆகியவற்றின் அருகே வாகனம் நிறுத்துவது போக்குவரத்து ஒழுங்குமுறைகளுக்கு விரோதம். உணவு வண்டிக்காரர் விரும்பும் இடங்களும் பெரும்பாலும் இவைதாம் என்பது வருந்தத்தக்க பொருத்தம்.

சுகாதாரத்தைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2011-இல் வகுத்த விதிகள், ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத சிறு உணவு வியாபாரிகளுக்கு எளிய பதிவு முறையையும் 100 ரூபாய்க் கட்டணத்தையும் ஏற்படுத்தின. இடத்தைப் பற்றியும் அவ்விதிகள் பேசுகின்றன. குப்பை, கழிவுநீர், கழிப்பிடம், திறந்த சாக்கடை ஆகியவற்றுக்கு விலகி வண்டி நிற்க வேண்டும். உணவு தயாரிக்கும் மேடை தரையிலிருந்து 60 முதல் 70 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். மூடியுள்ள குப்பைத் தொட்டி வைத்திருக்க வேண்டும். சாக்கடை ஓரத்தைத் தவிர வேறு இடம் தராத நகராட்சி, சாக்கடை ஓரத்தில் நின்றதற்காக அபராதம் விதிப்பது முறையாகுமா என்று இங்கே கேட்கத் தோன்றுகிறது. சமையல் வாயுவைப் பொறுத்தவரை, வீட்டு உபயோகத்துக்கு உரிய 14.2 கிலோ உருளையை வியாபாரத்தில் பயன்படுத்துவது சட்டவிரோதம். நெரிசலான தெருவில் அது அபாயமும்கூட.

நோட்டீசும் பறிமுதலும்

வண்டியோ கூடையோ கொண்டு நகரத்துக்குச் செல்லும் விவசாயக் குடும்பத்தார் தெரிந்துகொள்ள வேண்டிய பகுதி இது. சான்றிதழ் பெற்றவரை இடம் மாற்ற வேண்டுமானால் 30 நாள் நோட்டீசு கொடுத்தாக வேண்டும். அந்நாட்கள் கழிந்தும் இடத்தை விடாவிட்டால் நாளொன்றுக்கு 250 ரூபாய் வரையில் அபராதம் விதிக்கலாம். அதுவும் பறிமுதலாகும் பொருளின் மதிப்பைத் தாண்டலாகாது. பொருளைப் பறிமுதல் செய்தால் பட்டியல் எழுதி, கையொப்பமிட்டு, ஒரு பிரதியை வியாபாரியின் கையில் கொடுக்க வேண்டும். அழுகாத பொருளை, உரியவர் கேட்டதிலிருந்து இரண்டு வேலை நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். காய், கனி, சமைத்த உணவு போன்று அழியக்கூடியவற்றைக் கேட்ட அன்றைக்கே தர வேண்டும். நியமிக்கப்பட்ட கட்டணத்தை மட்டும் செலுத்தினால் போதும்.

பட்டியல் கேட்பது எதிர்த்துப் பேசுவது ஆகாது. இதை நாம் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஒரு கூடை வெள்ளரிப் பிஞ்சு மாலைக்குள் வாடிவிடும். அதற்குப் பட்டியல் இல்லாவிட்டால் மறுநாள் அதைக் கேட்க ஆதாரமும் இல்லை. சான்றிதழின் நிபந்தனைப்படி வியாபாரம் செய்பவரை வேறு எந்தச் சட்டத்தின் பெயராலும் போலீசாரோ மற்றவரோ தடுக்கக் கூடாது என்பதும் சட்டத்தில் உள்ளது. குறைகளை விசாரிக்க, சிவில் நீதிபதியாகவோ மாஜிஸ்திரேட்டாகவோ இருந்தவர் தலைமையில் ஒரு குழுவை அரசாங்கம் அமைக்க வேண்டும். மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. சான்றிதழ் இல்லாமல் விற்பவருக்கும், நிபந்தனையை மீறுபவருக்கும் 2,000 ரூபாய் வரையில் அபராதம் உண்டு. ஆகவே கணக்கெடுப்பு நடக்கும் நாட்களில் வண்டியோடு தம் இடத்தில் இருப்பது மிக அவசியம். அறுவடைக் காலத்தில் ஊருக்குப் போய்விட்டு, திரும்பி வந்து பெயர் விட்டுப்போயிற்றே என்று வருந்துவோர் கிராமத்தாரே ஆவர்.

பிற நாடுகளின் வழிகள்

உணவு வண்டிக்கு இடம் வகுப்பது நமக்கு மட்டும் உரிய சங்கடம் அன்று. அமெரிக்காவில் சிகாகோ நகரம் 2012-இல் ஒரு விதி செய்தது. ஓட்டல் வாயிலிலிருந்து 200 அடிக்குள் உணவு மோட்டார் நிற்கலாகாது. ஓரிடத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தங்கலாகாது. வண்டி எங்கே இருக்கிறது என்பதைக் காட்டும் கருவி பொருத்தியிருக்க வேண்டும். வண்டிக்காரர்கள் வழக்காடினர், 2019-இல் இல்லினாய் மாநில உச்ச நீதிமன்றம் விதியை நிலைநிறுத்தியது. ஓட்டல்காரரைப் போட்டியிலிருந்து காப்பாற்றுவதற்கென்றே தூரம் வகுப்பதில் நமக்கு உடன்பாடில்லை. புதுச்சேரியின் பழைய நகரத்தில் 200 அடிக்கு ஓர் ஓட்டல் இருக்கும். அந்த விதியை இங்கே கொண்டுவந்தால் வண்டி நிற்கக் கடல்தான் மிஞ்சும்.

சிங்கப்பூர் வேறு வழியில் சென்றது. 1960-களின் இறுதியில் தெரு வியாபாரிகளைப் பதிவு செய்து, 1971 முதல் 1986 வரையில் தண்ணீர், சாக்கடை, மேசை யாவும் உள்ள உணவங்காடிகளைக் கட்டி, அவர்களை அங்கே குடியேற்றியது. இட்டிலியும் பரோட்டாவும் விற்ற தமிழரும் அவர்களில் இருந்தனர். 2020-இல் அந்த உணவங்காடிப் பண்பாடு யுனெஸ்கோவின் பட்டியலிலும் இடம் பெற்றது. அங்காடிகள் மக்கள் குடியிருக்கும் இடத்துக்கு அருகிலேயே கட்டப்பட்டதே அதன் வெற்றிக்குக் காரணம் என்று நாம் கருதுகிறோம். சென்னைத் தியாகராய நகரில் பாண்டி பஜார் நடைபாதை வியாபாரிகளுக்கு 2013-இல் மாடிக் கட்டடத்தில் இடம் தரப்பட்டபோது, நடந்து செல்வோர் மாடி ஏறி வருவதில்லை என்ற குறை எழுந்ததையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். தெரு வியாபாரத்தின் முதல் மூலதனம் வழிப்போக்கரின் கால்களே. அவை செல்லாத இடம் இலவசமாகக் கிடைத்தாலும் விலை அதிகம்.

பஞ்சாயத்துக்கள் செய்யக்கூடியது

2014-ஆம் ஆண்டுச் சட்டம் நகரங்களுக்காக இயற்றியது. கிராமப் பஞ்சாயத்துக்கு அது நேராகப் பொருந்தாது. நகர விற்பனைக் கமிட்டியும் அங்கே இல்லை. ஆனால் சந்தை ஏற்படுத்துவதும், தனியார் சந்தைகளுக்கு உரிமம் வழங்குவதும், பொது வீதியில் இடையூறுகளை நீக்குவதும் பஞ்சாயத்துக்களின் பழைய அதிகாரங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஊர்களிலும், விழுப்புரம், கடலூர் செல்லும் சாலைகளை ஒட்டிய ஊர்களிலும் இந்த அதிகாரத்தை யோசனையோடு பயன்படுத்த வேண்டிய காலம் வந்திருக்கிறது.

ஓர் எச்சரிக்கை முதலில். தேசிய நெடுஞ்சாலையின் நிலம் பஞ்சாயத்துக்கு உரியதன்று. 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அந்நிலத்தில் எவரும் அனுமதியின்றி அமர முடியாது. தமிழ்நாட்டு மாநில நெடுஞ்சாலைகளுக்கு 2001-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆகவே நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்கும் வண்டியிடம் பஞ்சாயத்து ரசீது போட்டுப் பணம் வாங்கிவிட்டால் அந்த ரசீது வண்டிக்குப் பாதுகாப்பு ஆகாது. நாளை விபத்து நேரும்போது பஞ்சாயத்துக்கே அது சங்கடம் விளைவிக்கும். வேகமாகச் செல்லும் சாலையின் விளிம்பில் நின்று பரோட்டா சாப்பிடுவோரின் முதுகுக்குப் பின்னால் லாரி போகிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

சாலையிலிருந்து சற்று உள்ளே, பஞ்சாயத்துக்கு உரிய இடத்தில் பத்துப் பன்னிரண்டு வண்டிகள் நிற்கத் தக்க திடல் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே சிறந்தது. இன்று ஊர் எல்லையில் எத்தனை பேர் விற்கிறார்கள், எந்த நேரத்தில், அவர்களில் உள்ளூரார் எத்தனை பேர் என்று ஒரு வாரம் எண்ணிப் பார்க்கட்டும். அந்தக் கணக்கோடு கிராம சபையில் விற்போரையும் வைத்துக்கொண்டு பேசட்டும். ஏரிக்கரை, நீர்வழி, மேய்ச்சல் நிலம் ஆகியவற்றைத் தொடலாகாது. ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு கழிவுநீர்க் குழி, ஒரு விளக்கு, மூடியுள்ள தொட்டிகள், பெண்கள் பயன்படுத்தத் தக்க கழிப்பிடம் ஆகிய இவை இல்லாமல் சுண்ணாம்புக் கோடு மட்டும் போட்டால் வண்டிகள் ஒரு மாதத்தில் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். 1999-ஆம் ஆண்டு நவம்பர் 14-ந் தேதி மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைகள் தமிழ்நாட்டு விவசாயிகளுக்குப் புதியவை அல்ல. விளைவிப்பவரே அடையாள அட்டையோடு தராசு பிடிக்கும் அந்த ஏற்பாட்டிலிருந்து அட்டை, இடம், நேரம் என்ற மூன்றையும் இத்திடலுக்கும் எடுத்துக்கொள்ளலாம். காலையில் காய்கறி, மாலையில் உணவு வண்டி என்று ஒரே திடல் இருமுறை பயன்படக் கூடாதா?

கடன் வசதி பற்றியும் பஞ்சாயத்து அங்கத்தினர் ஊராருக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. 2020-ஆம் ஆண்டு ஜூன் 1-ந் தேதி தொடங்கிய பிரதம மந்திரி ஸ்வநிதித் திட்டத்தில் தெரு வியாபாரிகளுக்கு ஈடின்றி முதலில் 10,000 ரூபாய் கடன் கொடுக்கப்பட்டது. தவணை தவறாதவர்களுக்கு அடுத்துப் பெருந்தொகைகளும் கிடைத்தன. 2025-இல் அத்திட்டம் 2030 மார்ச்சு வரையில் நீட்டிக்கப்பட்டு, முதற்கடன் 15,000 ரூபாயாக உயர்ந்தது. நகரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் வசித்து நகர எல்லைக்குள் விற்பவர்களும், நகராட்சியிடமோ கமிட்டியிடமோ சிபாரிசுக் கடிதம் பெற்று இதில் சேர முதலிலிருந்தே வழி வைக்கப்பட்டது. பாகூரிலிருந்து காலையில் பஸ் ஏறி நகரத்தில் விற்றுவிட்டு மாலையில் திரும்பும் பெண்ணுக்கு இந்த வழி தெரிந்திருக்க வேண்டும். அவர் வெளியூர்க்காரர் என்று சொல்லி நகரத்தில் கணக்கெடுக்காமல் விடுவதும், தெருவில் விற்பவர் என்று சொல்லிக் கிராமத்தில் கவனிக்காமல் விடுவதும் நேரக்கூடும்.

சிபாரிசுக் கடிதம் கேட்கப் போகும்போது ஆதார் அட்டை, பாங்குக் கணக்குப் புத்தகம், விற்குமிடத்தைக் காட்டும் புகைப்படம், வியாபாரிகள் சங்கத்தில் இருந்தால் அதன் அட்டை ஆகியவற்றை எடுத்துச் செல்வது நலம். இரண்டு மாநில எல்லைகள் பின்னிக் கிடக்கும் இப்பகுதியில், வீடு தமிழ்நாட்டிலும் விற்குமிடம் புதுச்சேரியிலும் உள்ளவர்கள் விற்குமிடத்து நகராட்சியிடமே செல்ல வேண்டும்.